ஹெச்ஓ சாமான்களை வைத்து நேரோ கேஜ் லேஅவுட்: எதை மாற்றலாம், எதை விடலாம்?

குட்டி_எஞ்சின்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது எல்லாமே ஹெச்ஓ, அதாவது 1:87 ஸ்கேல் மாடல் ரயில் சாமான். ஒரு 0-6-0 (ஆறு ஓட்டுச் சக்கரம்) டேங்க் எஞ்சின், ஒரு போகி (அடியில் திரும்புகிற சக்கரத் தொகுதி) டீசல், கொஞ்சம் சரக்குப் பெட்டிகள், 360 மி.மீ. ஆரமுள்ள வளைவுத் தண்டவாளம், பாதை பிரிக்கிற சில பாயிண்டுகள், சாதாரண டிசி கன்ட்ரோலர். பிளாஸ்டிக் வீடுகளும் மரங்களும் கொஞ்சம் உண்டு. நீளமான எக்ஸ்பிரஸ் வண்டி ஒரு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. மலைப்பாதையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற குட்டி ரயில்தான் எனக்கு வேண்டும்.

நேரோ கேஜுக்கென்றே, அதாவது ஒடுங்கிய பாதைக்கென்றே வருகிற எஞ்சின்களை வாங்காமல், இருப்பதையே வெட்டி ஒட்டி ஒப்பேற்ற முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? பாடியை வெட்ட பிளேடும் ரம்பமும் தயார்.

பழைய_பல்சக்கரம்

தாராளமாக முடியும். ஆனால் பிளேடைக் கொஞ்சம் கீழே வையுங்கள், முதலில் கணக்கு.

தண்டவாள அகலம் வேறு, ஸ்கேல் வேறு. நேரோ கேஜ் மாடல் என்பதே இந்த இரண்டையும் பிரித்து விளையாடுவதுதான். உங்கள் ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. அதை 1:87 என்று பார்த்தால் 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ். அதே தண்டவாளத்தை 1:48 (ஓ ஸ்கேல்) என்று பார்த்தால் 16.5 × 48 = 792 மி.மீ. இரண்டரை அடி கேஜ் என்பது 762. ஏறக்குறைய வந்துவிட்டது. இதைத்தான் ஓஎன்30 என்கிறார்கள். 1998 இல் பாக்மன் கம்பெனி இந்த அளவில் ரெடிமேட் ரயில்களை இறக்கிய பிறகுதான் இது பரவலானது. அதற்கு முன்பு இதைச் செய்தவர்களில் பலர் உங்களைப் போல ஹெச்ஓ எஞ்சினை அறுத்தவர்கள்தான். ஐரோப்பாவில் பல இடங்களில் ஓ ஸ்கேல் 1:45. அங்கே அது 742 மி.மீ. ஆகிவிடும், அவர்களுடைய 750, 760 மி.மீ. பாதைகளுக்கு இன்னும் கிட்டே.

அதே வித்தையை ஒரு படி கீழே செய்தால், ‘என்’ (N) என்கிற இன்னும் சின்ன ஸ்கேலின் 9 மி.மீ. தண்டவாளத்தில் 1:87 வண்டி. 783 மி.மீ. வருகிறது. இது ஹெச்ஓஇ. பிரிட்டிஷ்காரர்கள் 1:76 எடுப்பதால் அவர்களுக்கு அது ஓஓ9, சுமார் 684 மி.மீ. மீட்டர் கேஜ் மேல் ஆசை என்றால் டிடி என்கிற ஸ்கேலின் 12 மி.மீ. தண்டவாளத்தில் 1:87, 1044 மி.மீ. கிடைக்கும்.

ஆக, உங்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஓஎன்30 போனால் தண்டவாளம், சக்கரம், மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் அப்படியே இருக்கும். மேலே தெரிகிற எல்லாம் மாறும். ஆள், வீடு, கதவு, பிளாட்பாரம் எதுவும் பழையது உதவாது. ஹெச்ஓஇ போனால் வீடும் ஆட்களும் இருக்கிறபடியே இருப்பார்கள். அடியில் ஓடுவது முழுக்கப் புதுசு. எது உங்களிடம் அதிகம் இருக்கிறது, எதைச் செய்யக் கை துறுதுறுக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

ஒன்பது_மிமீ

நான் ஹெச்ஓஇ கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஓஎன்30 என்றால் எல்லாம் பெரிசு. ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு எஞ்சின் ஷெட், ஒரு மரம் வைத்தால் மேஜை நிறைந்துவிடும். ஓ ஸ்கேலில் 20 மீட்டர் மரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும், யோசித்துப் பாருங்கள். அதே மேஜையில் 9 மி.மீ. போட்டால் மலை, பாலம், குகை, இரண்டு ஸ்டேஷன் எல்லாம் அடங்கும்.

இன்னொன்று, உங்கள் ஹெச்ஓ எஞ்சினைத் தொடவே வேண்டாம். ஒரு ஓரத்தில் ஸ்டாண்டர்டு கேஜ் லைன் ஒன்று வந்து நிற்கட்டும், எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து குட்டி ரயில் மலைக்குக் கிளம்பட்டும். உலகத்தில் பாதி நேரோ கேஜ் லைன்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் குட்டி ரயில் குட்டியாகத் தெரியும். தனியாக ஓடினால் அதன் சைஸ் யாருக்குத் தெரியப்போகிறது?

அடியில் போட ‘என்’ (N) ஸ்கேல் சேசிஸ் (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம்) ஏராளம். காட்டோ கம்பெனியின் பாக்கெட் லைன் மாதிரி நாலு சக்கரக் குட்டி சேசிஸின் மேல் உட்காருகிற 3டி பிரிண்ட் பாடிகளும் நிறைய வருகின்றன. 1960களில் எக்கர்-பான் கம்பெனி ஹெச்ஓஇ ரயில்களைக் கொண்டுவந்தபோது இவ்வளவு வசதி யாருக்கும் இல்லை.

ரிவெட்_கணக்கன்

நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி. குட்டி_எஞ்சின், உங்கள் மனதில் இருப்பது எந்த லைன்? கற்பனை லைன் என்றால் பிரச்சினை இல்லை. நிஜ லைன் என்றால் கேஜ் முக்கியம்.

கால்கா–சிம்லா 762 மி.மீ. அதற்கு 1:48 இல் சரியான அகலம் 15.9 மி.மீ. உங்கள் தண்டவாளம் 16.5. வித்தியாசம் 0.6 மி.மீ., நான்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் டார்ஜிலிங் 610 மி.மீ. அதை 16.5 மேல் 1:48 இல் ஓட்டினால் தண்டவாளம் நிஜக் கணக்கில் 180 மி.மீ. அகலம் கூடிப்போகும், அந்த எஞ்சினின் ஒல்லி அழகே போய்விடும். சரியான அகலம் 12.7 மி.மீ., அதற்குத் தனிச் சக்கரம், தனித் தண்டவாளம். கொலராடோவின் மூன்றடி லைன் 914 மி.மீ., அங்கே எதிர்த் திசையில் அடிவாங்கும், தண்டவாளம் ஒடுங்கித் தெரியும்.

குட்டி_எஞ்சின்

கற்பனை லைன்தான் ஐயா. இரண்டரை அடி கேஜ், ஒரு மரக்கடைக்கும் சுரங்கத்துக்கும் போகிற பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது_மிமீ சொன்ன ஜங்ஷன் யோசனை ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் எனக்குக் கண்ணாடி போட்டும் ‘என்’ (N) ஸ்கேல் சாமான் சரியாகத் தெரிவதில்லை. கப்ளர் (வண்டிகளை இணைக்கிற கொக்கி) ஸ்பிரிங் ஒன்று கீழே விழுந்தால் அத்தோடு போச்சு. அதனால் மனம் ஓஎன்30 பக்கம் சாய்கிறது. வீடு கட்டுவது எனக்குப் பிடித்த வேலை, அதை மறுபடி செய்வதில் வருத்தமில்லை. தண்டவாளம் அப்படியே பயன்படும் என்று பல்சக்கரம் அண்ணா சொல்கிறார். பார்த்தால் ஹெச்ஓ மாதிரியே தெரியாதா?

தண்டவாளப்பூச்சி

தெரியும். முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

ஸ்லீப்பர் கட்டைகள்தான் காட்டிக்கொடுக்கும். ஹெச்ஓ தண்டவாளத்தில் கட்டைகள் சுமார் 7 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக இருக்கும். 1:48 இல் அது 34 சென்டிமீட்டர். எந்தச் சுரங்க லைன்காரன் அவ்வளவு கட்டையை வாங்கிப் போடுவான்? நிஜத்தில் 60, 70 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஆக, ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிட்டால் 14 மி.மீ. இடைவெளி, அதாவது 67 சென்டிமீட்டர். சொல்லிவைத்த மாதிரி பொருந்துகிறது. நீளத்தைத் தொடவே வேண்டாம், 30 மி.மீ. கட்டை 1:48 இல் 1.44 மீட்டர். இரண்டரை அடி லைனுக்கு ஐந்தடிக் கட்டை என்பது 1.52 மீட்டர், கிட்டத்தட்ட அதேதான்.

குறை அகலத்தில். ஹெச்ஓ கட்டை 2.5, 3 மி.மீ. அகலம், நமக்கு 4 மி.மீ. வேண்டும். ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் 1 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டை ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்குப் பொறுமை கிடையாது. நான் கட்டைகளின் முனைகளை ஒழுங்கில்லாமல் நறுக்கிவிட்டு, மண்ணும் பொடி ஜல்லியும் கட்டையின் மேல்மட்டம் வரை கொட்டிவிடுவேன். சின்ன லைன்களில் கட்டை பாதி புதைந்துதான் கிடக்கும்.

செய்யும்போது இரண்டு விஷயம். துண்டுத் தண்டவாளத்தின் இரண்டு முனைகளிலும் உள்ள கட்டைகளை எடுக்காதீர்கள், அங்கே பிடிப்பு போனால் ஜாயின்ட் விலகும். வளைவில் கட்டையை எடுத்தபின் கேஜ் விரிந்திருக்கிறதா என்று என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுத் தகட்டை வைத்துப் பாருங்கள். விரிந்த இடத்தில் ஒரு துளி எபாக்சி போதும்.

பாயிண்டில் கை வைக்க வேண்டாம். கட்டையை எடுத்தால் அதன் நாக்கு (பாதை மாற்ற நகர்கிற தண்டவாளம்) ஆடிப்போகும். அழுக்கு பெயின்ட்டும் மண்ணும் போட்டு மறையுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் பெகோ கம்பெனி 16.5 மி.மீ. அகலத்திலேயே ஓ நேரோ கேஜ் கட்டைகளோடு தண்டவாளம் செய்கிறது. கண்ணுக்கு முன்னால் தெரிகிற நேர்ப் பகுதிக்கு அது, குகைக்குள் போகிற வளைவுக்குப் பழைய ஹெச்ஓ என்று கலந்து போடலாம்.

தண்டவாள உயரமும் ஒரு விஷயம். கோட் 100 என்பது 2.54 மி.மீ. உயரம், 1:48 இல் 12 சென்டிமீட்டர். குட்டி லைனுக்குக் கொஞ்சம் தடி. பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு பெயின்ட் அடித்தால் பாதி தடிமன் மறைந்துவிடும். ஒன்பது_மிமீ தம்பி கோபிக்க வேண்டாம், ஹெச்ஓஇக்குக் கோட் 80 போட்டால் 1:87 இல் 17.7 சென்டிமீட்டர் உயரத் தண்டவாளம். நிஜத்தில் அது கனரக மெயின் லைன் தண்டவாளம்!

ஒன்பது_மிமீ

கோபம் இல்லை அக்கா. அதனால்தான் கோட் 55 என்று ஒன்று இருக்கிறது :)

சால்டர்_புகை

அழகு எல்லாம் சரி. ஓடும்போது வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹெச்ஓ எஞ்சின் 1:87 இல் மணிக்கு 100 கி.மீ. போகும்படி பல்சக்கரம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எஞ்சின், அதே வோல்ட், 1:48 ஆகிவிட்டால் 55 கி.மீ. தானாகவே குறைந்துவிட்டது, லாபம்தான். ஆனால் மரக்கடை ரயிலுக்கு 20 கி.மீ. போதும். ஒரு மீட்டர் தண்டவாளத்தை அளந்து குறியிட்டு வாட்சைப் பிடியுங்கள்: 1:48 இல் 20 கி.மீ. என்றால் அந்த ஒரு மீட்டரைக் கடக்க எட்டரை விநாடிக்கு மேல் ஆக வேண்டும். ஹெச்ஓஇ என்றால் பதினைந்து, பதினாறு விநாடி.

இதை டிசியில் கன்ட்ரோலர் திருகியை அடக்கி வைத்துச் செய்யலாம், ஆனால் குறைந்த வோல்ட்டில் வண்டி உதறி உதறிப் போகும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) போடுகிற எண்ணம் இருந்தால் எஞ்சினுக்குள் வைக்கிற டீகோடரில் சி.வி.5 என்கிற அமைப்பில் உச்ச வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், சி.வி.2 இல் கிளம்புகிற வோல்ட்டைச் சரிபாருங்கள், சி.வி.3, 4 இல் மெதுவாக வேகம் எடுக்கவும் மெதுவாக நிற்கவும் வையுங்கள். திருகி முழுக்கத் திருப்பினாலும் வண்டி மலை ஏறுகிற வேகத்தைத் தாண்டாது.

ஒரு எச்சரிக்கை. புதுச் சின்ன சேசிஸ்களில் கோர்லெஸ் (சுழலும் பகுதியில் இரும்புக் கரு இல்லாத) மோட்டார் வருகிறது. பழைய பல்ஸ் கன்ட்ரோலர், ஃபீட்பேக் கன்ட்ரோலர் இவற்றோடு அதை இணைத்தால் மோட்டார் சூடாகிச் செத்துவிடும். சுத்தமான டிசி, அல்லது அதிக அதிர்வெண்ணில் ஓட்டுகிற டீகோடர், இரண்டில் ஒன்று.

அடுத்தது, நின்று போவது. குட்டி எஞ்சின் நின்று போகிற இடம் எப்போதும் பாயிண்டின் ஃப்ராக்தான், அதாவது இரண்டு பாதையின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்கிற முனை. பிளாஸ்டிக் ஃப்ராக் என்றால் அந்த இடத்தில் கரண்ட் இல்லை. நீளமான டீசல் அதைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் இன்னொரு போகி உயிருள்ள தண்டவாளத்தில் இருக்கும். 0-6-0 மெதுவாக வந்தால் மாட்டிக்கொள்ளும். உலோக ஃப்ராக் உள்ள பாயிண்ட் போட்டு, நாக்கு மாறும்போது ஃப்ராக்கின் முனையும் மாறும்படி ஒரு ஸ்விட்ச் வையுங்கள். எல்லாச் சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். எடுக்காத சக்கரத்துக்கு மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை வளைத்து, சக்கரத்தின் பின்பக்கம் லேசாக உரசும்படி சால்டர் செய்யுங்கள். லேசாக என்றால் லேசாகத்தான்; அழுத்தினால் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும்.

டிசிசியில் கீப்-அலைவ் கெபாசிட்டர் (கரண்ட் விட்டாலும் கொஞ்ச நேரம் ஓட்டுவது) போட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஓ ஸ்கேல் பாடிக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதுவும் ஓஎன்30க்கு ஒரு வாக்கு.

குட்டி_எஞ்சின்

சரி, முடிவு செய்துவிட்டேன். ஓஎன்30. இப்போது அந்த 0-6-0 மேல் என்ன பாடி போடுவது? கொதிகலனை அப்படியே வைத்துக்கொண்டு கேபின் மட்டும் பெரிதாக மாற்றினால் போதும் என்று சிலர் படம் போட்டிருக்கிறார்கள்.

பழைய_பல்சக்கரம்

போதும். பலர் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் ஏன் போதும் என்று தெரிந்துகொண்டு செய்தால் நன்றாக வரும்.

ஹெச்ஓ 0-6-0 இன் சக்கரம் நிஜத்தில் 51 அங்குலம் என்றால் மாடலில் 15 மி.மீ. விட்டம். 1:48 இல் அதே சக்கரம் 28 அங்குலம். குட்டி நேரோ கேஜ் எஞ்சினுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. வீல்பேஸ் (முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 38, 39 மி.மீ. இருக்கும்; 1:48 இல் 1.85 மீட்டர், அதுவும் சரி. ஆக, சேசிஸ் நியாயமாகவே பொருந்துகிறது. பொருந்தாதது அதில் ஏறி உட்கார வேண்டிய மனிதன்.

அதனால் முதல் வேலை, தடித்த அட்டையில் 36 மி.மீ. உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டுங்கள். 1:48 இல் அது 1.73 மீட்டர். பழைய கேபின் பக்கத்தில், அதன் தரை மட்டத்தில் கால் இருக்கும்படி அவரை நிறுத்துங்கள். கேபின் கூரை அவருடைய மார்பளவுகூட இருக்காது. கதவு குறைந்தது 40 மி.மீ. உயரம் வேண்டும். கேபின் தரை எங்கே வரும் என்பதை மோட்டார்தான் முடிவுசெய்யும். பெரும்பாலான டேங்க் எஞ்சின்களில் மோட்டார் கேபினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தரையைத் தூக்கி மோட்டாரை மறைக்காதீர்கள், ஆள் கூரையில் இடிப்பார். மோட்டாரைச் சுற்றிக் கரிப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி கட்டி, ஓட்டுநரை ஒரு பக்கமாக நிறுத்திவிடுங்கள்.

முழு பாடியையும் முதலில் அட்டையிலேயே செய்யுங்கள். சேசிஸின் மேல் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கேபின் பின்னால் எவ்வளவு நீட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கடைசி அச்சுக்குப் பின்னால் ரொம்ப நீட்டினால் எஞ்சின் மூக்கைத் தூக்கும், முன் சக்கரம் கரண்டை விடும். எடையை முன்னாலும் கீழேயும் சேருங்கள்.

கொதிகலன் ஒல்லியாக இருப்பது தப்பில்லை. ஆனால் புகைபோக்கி, டோம், மணி, விளக்கு எல்லாம் ஓ ஸ்கேல் அளவில் இருக்க வேண்டும். கண் ஸ்கேலைப் படிப்பது இவற்றிலிருந்துதான். பழைய கைப்பிடிக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, 0.6, 0.7 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகப் போடுங்கள். ஒரு கைப்பிடி 15 மி.மீ. நீளத்தில் இருந்தால் மனிதக் கை பிடிப்பதுபோலத் தோன்றும். ஹெச்ஓ கைப்பிடியை அப்படியே விட்டால் குழந்தைக்குச் செய்த மாதிரி இருக்கும்.

இன்னொரு வேலை, பலர் விட்டுவிடுவது: வெளி ஃப்ரேம். நேரோ கேஜில் சக்கரங்களுக்கு நடுவே இடம் குறைவு, அதனால் நிஜ எஞ்சின்கள் பலவற்றில் ஃப்ரேம் சக்கரத்துக்கு வெளியே இருக்கும். 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டில் பக்கத்துக்கு ஒன்று வெட்டி, அச்சுப்பெட்டி, ஸ்பிரிங் பட்டைகளை மேலே ஒட்டிச் சக்கரத்தை முக்கால்வாசி மறைத்தால் ஹெச்ஓ என்கிற அடையாளமே போய்விடும். இயங்குகிற கிராங்க் வைக்க வேண்டுமென்றால் அது தனி வேலை, லேத் கேட்கும். முதல் எஞ்சினுக்கு ராடுகளை (சக்கரங்களை இணைக்கிற கம்பிகள்) கழற்றாமல், பாடியை டீசலாக மாற்றி, ஃப்ரேமால் ராடை மறைத்துவிடுவதுதான் என் சிபாரிசு. சதுர மூக்கு, சின்ன கேபின், பக்கத்தில் காற்று வாங்குகிற தடுப்புகள். எல்லாம் நேர்க்கோட்டு வெட்டு.

ஃப்ரேமையும் ஃபுட்பிளேட்டையும் பித்தளையில் செய்கிறவர்கள், சக்கரத்திலோ பிரிந்த சேசிஸின் (இரண்டு பாதியும் தனித்தனிக் கரண்ட் முனை) இரண்டு பக்கத்திலோ அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்ப் பாதையில் நன்றாக ஓடிவிட்டு வளைவில் ஷார்ட் ஆகும், காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ரிவெட்_கணக்கன்

சரக்குப் பெட்டிகளை மறந்துவிட்டோம். மூடிய ஹெச்ஓ பெட்டி நேரடியாக உதவாது. அதன் அகலம் 35 மி.மீ., 1:48 இல் ஐந்தரை அடி. இரண்டரை அடி லைன் பெட்டிக்கு ஏழடி வேண்டும், 44 மி.மீ. ஆகவே அடிச்சட்டம், போகி, சக்கரம் மட்டும் வைத்துக்கொண்டு மேலே புதுத் தளம். மரப்பட்டைகளைக் குறுக்கே அடுக்கி இரண்டு பக்கமும் நாலரை மி.மீ. வெளியே நீட்டினால் பிளாட் வேகன். அதன் மேல் சுவர் எழுப்பினால் பாக்ஸ் வேகன்.

சக்கரத்தில் ஒரு சூட்சுமம்: ஹெச்ஓவில் 33 அங்குலச் சரக்குச் சக்கரம் 1:48 இல் 18 அங்குலம், கொஞ்சம் பொடிசு. பயணிகள் பெட்டிக்கான 36 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் 20 அங்குலம் ஆகும். அதே போகியில் அப்படியே உட்காரும்.

பலகைகளின் அகலத்தையும் கவனியுங்கள். ஹெச்ஓ பெட்டியில் அச்சடித்த பலகைக் கோடுகள் 1:48 இல் ரொம்ப ஒல்லிப் பலகை ஆகிவிடும். பழைய சுவரை மறுபடி பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

சுரங்கவண்டி

இடையில் நுழைகிறேன். 16.5 மி.மீ. மேலேயே 1:35 போனால் என்ன? 577 மி.மீ. வரும், 600 மி.மீ. ஃபீல்டு ரயில்வேக்கு நெருக்கம். ராணுவ மாடல் செய்கிறவர்களுக்கான 1:35 ஆட்கள், லாரிகள், பீப்பாய்கள் எல்லாம் மலிந்து கிடக்கின்றன.

பழைய_பல்சக்கரம்

நல்ல யோசனை, சுரங்கத்துக்கு ரொம்பப் பொருந்தும். ஆனால் 0-6-0 சேசிஸ் அங்கே பொடியாகிவிடும். நாலு சக்கர ஹெச்ஓ ஷண்டர் (யார்டில் பெட்டி தள்ளுகிற எஞ்சின்) சேசிஸ் இருந்தால் செய்யலாம். குட்டி_எஞ்சின் சொன்ன சாமானுக்கு 1:48 தான்.

குட்டி_எஞ்சின்

கப்ளர்? இப்போது இருப்பது பழைய கொக்கி வகை. இதை மாற்ற வேண்டுமா?

சால்டர்_புகை

கேடி கம்பெனியின் 5 ஆம் நம்பர் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஹெச்ஓ கப்ளர் 1:48 இல் முக்கால் சைஸ் கப்ளர் போலத் தெரியும், நேரோ கேஜில் அதுதான் வழக்கம்.

ரிவெட்_கணக்கன்

வேறு யோசனை உண்டு. மரக்கடை லைனில் தானியங்கி கப்ளரா? சங்கிலியும் அதைப் பிடிக்கச் செருகுகிற முள்ளும்தான் அழகு.

சால்டர்_புகை

அழகு உங்களுக்கு. ஒவ்வொரு முறை ஷண்டிங் செய்யும்போதும் சாமணம் பிடித்துக் குனிந்து முள் போடப்போவது அவர். காட்சிக்கு வைக்கிற வண்டிக்கு முள் போடட்டும், ஓட்டுகிற வண்டிக்குக் கேடி.

எதைப் போட்டாலும் உயரம் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹெச்ஓ உயரத்தையே வைத்துக்கொண்டால் ஓஎன்30 ரெடிமேட் வண்டியோடும் சேரும். கேடி 205 உயர அளவியைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு வண்டியையும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் போகிக்கும் சட்டத்துக்கும் நடுவே வாஷர், உயர்ந்திருந்தால் கப்ளர் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஷீட் துண்டு. கீழே தொங்குகிற கம்பி தண்டவாளத்துக்கு மேல் ஒரு மி.மீ.யாவது தூக்கி இருக்கட்டும், இல்லையென்றால் பாயிண்டில் மாட்டும்.

குட்டி_எஞ்சின்

எல்லாருக்கும் நன்றி. டீசல் பாடியை அட்டையில் செய்து பார்த்துவிட்டேன். கேபினில் அட்டை ஆள் தாராளமாக நிற்கிறார். மூக்கைக் கொஞ்சம் குறைத்தபின் பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது. கட்டைகளை எடுக்கிற வேலையும் பாதி ஆகிவிட்டது.

இப்போது ஒரு சந்தேகம். 360 மி.மீ. வளைவில் புதுப் பெட்டிகள் போகுமா? ஏழடி அகலம் என்றதும் பயமாக இருக்கிறது. பிளாட்பாரத்தையும் பாறைச் சுவரையும் எவ்வளவு தள்ளி வைப்பது?

தண்டவாளப்பூச்சி

நிஜத்தோடு ஒப்பிட்டால் உங்கள் வளைவு 1:48 இல் 17 மீட்டர் ஆரம். கால்கா–சிம்லாவின் மிக இறுக்கமான வளைவே 37 மீட்டருக்கு மேல், அதை அப்படியே போட்டால் 78 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். எல்லாரும் இதில் ஏமாற்றத்தான் செய்கிறோம், கவலை வேண்டாம். வண்டியைக் குட்டையாக வைத்தால் கண் ஏற்றுக்கொள்ளும்.

வழக்கமான கணக்கு, வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். உங்களுக்கு 120 மி.மீ. வரை. நிஜத்தில் கிட்டத்தட்ட ஆறு மீட்டர்ப் பெட்டி, மரக்கடைக்கு அது போதாதா?

இடைவெளிக்குக் கணக்கே வேண்டாம். தண்டவாளத்தை ஒரு பெரிய தாளின் மேல் வைத்து, மிக நீளமான பெட்டியின் நடுவில் உள்பக்கமாக ஒரு பென்சில் முனையும், மூலையில் வெளிப்பக்கமாக ஒன்றும் டேப் போட்டு ஒட்டுங்கள். கையால் வளைவு முழுக்கத் தள்ளிக்கொண்டு போங்கள். உள்பக்கக் கோட்டுக்கும் வெளிப்பக்கக் கோட்டுக்கும் அப்பால் 3 மி.மீ. விட்டுச் சுவரை வையுங்கள். பிளாட்பாரம் வளைவில் வேண்டாம், பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே ஆள் விழுகிற அளவுக்குச் சந்து தெரியும்.

ரிவெட்_கணக்கன்

அந்தப் பென்சில் சோதனையை எஞ்சினுக்கும் செய்யுங்கள். பின்னால் நீட்டிய கேபின் சில சமயம் பெட்டியைவிட அதிகமாக வெளியே வீசும். பாயிண்டின் பக்கத்தில் ஸ்விட்ச் மோட்டார் பெட்டி ஏதும் இருந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். வெளி ஃப்ரேமின் படிக்கட்டு அங்கேதான் தட்டும்.

குட்டி_எஞ்சின்

தட்டுகிறது! படிக்கட்டு மட்டும்தான். அதை 2 மி.மீ. தூக்கி ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

பழைய_பல்சக்கரம்

தூக்குங்கள். ஆனால் அட்டை ஆள் அதில் கால் வைத்து ஏற முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.